புறச்சுவர் பூசுமுன்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், கடைத்தெரு என்று நம் முன்னோர் வழங்கிய மார்க்கெட் தெருவிலோ, அதை அடுத்த பினாங்குத் தெரு, குவீன் தெரு, சூலியா தெரு ஆகியவற்றிலோ, நூறாண்டு கண்ட கடைவீடு ஒன்றைப் பிதிரார்ஜிதமாகப் பெற்றோ கிரயத்துக்கு வாங்கியோ வைத்திருக்கும் ஒருவர், அதன் முகப்பில் வெடித்தும் உப்பியும் பெயர்ந்தும் நிற்கிற காறையைக் கண்டு மனம் பொறாமல், தீபாவளிக்குள் இதைக் கொத்தி எறிந்து புதிதாகப் பூசிவிட வேண்டும் என்று தீர்மானிப்பது இயற்கையே. எங்கள் குடும்பத்தாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் தீர்மானித்தோம். குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர் மூன்றே வாரத்தில் பழைய சுண்ணாம்புக் காறையை அகற்றி, சிமெண்டுச் சாந்து பூசி, அதன்மேல் பளபளப்பான பிளாஸ்டிக் சாயமும் அடித்துக் கொடுத்தார். பண்டிகைக்கு வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் அஞ்சடி என்னும் முன்புற மூடுநடையின் உட்சுவரில் இடுப்பளவு உயரத்தில் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. கொப்புளத்தை விரலால் உடைத்தால் உள்ளேயிருந்து வெள்ளை உப்பு மாவுபோல உதிர்ந்தது. பிறகு ஒரு விடியற்காலையில், மேல்மாடி ஜன்னலுக்கு அடியிலிருந்து கட்டில் அகலத்துக்கு ஒரு பாளம் முழுசாகக் கழன்று நடைபாதையில் விழுந்தது. அந்நேரம் அங்கே ஒருவரும் நடக்கவில்லை என்பது தெய்வாதீனம்.

அந்தப் பாளத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கிற்று. அதன் முதுகில் செங்கல்லின் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அக்காலத்துச் செங்கல் மெத்தென்றது. அதைப் பிணைத்த சாந்தும் சுண்ணாம்புதான். அத்தகைய சுவர் நிலத்திலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை வாங்கி, சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே வெளியே விட்டுக்கொண்டேயிருக்கும். சிமெண்டுப் பூச்சோ செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாதது. வெளியேற வழியின்றி உள்ளே அடைபட்ட நீர் மேலும் மேலும் ஏறுகிறது. அதில் கரைந்திருந்த உப்பு பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவே பூத்துப் பருத்து, இரண்டையும் பிரித்துத் தள்ளுகிறது. ஆகவே, பூச்சு உதிர்வது நோயின் குறியேயன்றி நோயன்று. கூரை, நீர்வழி, மரம், தரை, மின்கம்பி ஆகியவற்றைப் பற்றிய துணை வேலைகளைக் கிரமமாக முடித்த பிறகு வரவேண்டிய கடைசிக் காரியமே புறப்பூச்சு. அந்தக் கிரமம் பினாங்கின் மழையை அநுசரித்து எப்படி அமைய வேண்டும் என்பதை, பட்டறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

இவ்வூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை குறைவு. ஜூன், ஜூலையில் ஓரளவு இடைவிட்டுப் பெய்யும். இந்த மூன்று பருவங்களுக்கும் மூன்று வேலைகள் உண்டு. முதற்பருவத்தில் ஒரு கல்லையும் தொடாமல் வீட்டைக் கவனிக்க வேண்டும். நல்ல மழை பொழியும் பிற்பகலில் குடையுடன் எதிர்ச்சாரியில் நின்று, இறவாரத்தில் நீரை ஏந்தும் தகரக் கால்வாய் எவ்விடத்தில் வழிகிறது, இறங்கு குழாயின் எந்தப் பொருத்து பீறிடுகிறது, பக்கத்து வீட்டுக் கூரைநீர் நம் சுவரில் விழுகிறதா, தெருக்கால்வாய் நிரம்பி அஞ்சடிக்குள் ஏறுகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுக. மறுநாள் உள்ளே வந்து, சுவரில் ஓதம் ஏறி நிற்கும் எல்லையைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுக. மாதம் ஒருமுறை அப்படியே செய்க. மழை ஓய்ந்தும் இறங்காத கோடு நிலத்திலிருந்து ஏறும் ஓதத்தைக் காட்டும். மழையோடு தோன்றி வெயிலோடு மறையும் கறை கூரையின் அல்லது குழாயின் குற்றத்தைக் காட்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் செலவு செய்பவர் கூரைக் குற்றத்துக்குத் தரையைத் தோண்டுவார். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவை உலுக்கிய பெருமழையும் பெருங்காற்றும் வந்தபோது, எங்கள் வீட்டின் பின்கட்டு ஒழுக்குகளை ஒரே இரவில் தெரிந்துகொண்டோம். அவ்வளவு கடுமையான பரீட்சைக்குக் காத்திராமல், ஆண்டுதோறும் வரும் மழையையே ஆசிரியராகக் கொள்வது நலம்.

மழையற்ற நாட்களில் பூச்சையும் பரிசோதிக்க வேண்டும். சுத்தியலின் மரக்காம்பால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், பிடிப்புள்ள இடம் கெட்டியாகவும், கழன்ற இடம் காலிப்பானை போலவும் ஒலிக்கும். கழன்ற இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுக. ஆணியால் கீறினால் வெண்பொடி உதிர்வது சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணியையே மழுக்குவது சிமெண்டு. பழைய சுண்ணாம்புப் பூச்சு நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களை எக்காரணம் கொண்டும் கொத்தக்கூடாது. முழுவதையும் எடுத்துவிட்டால் வேலை சுத்தமாக இருக்கும் என்று குத்தகைக்காரர் சொல்வார். சதுர அடிக்குக் கூலி பேசுகிறவருக்கு அது சௌகரியம், சுவருக்கு அன்று. ஜன்னலின் மேல்வளைவு, தூண்தலைப்பு, பூவேலை, சாயத்துக்கு அடியில் மறைந்து கிடக்கக்கூடிய பழைய கடைப்பெயரின் எழுத்துக்கள் ஆகிய அனைத்தையும் நிழற்படம் எடுத்து அளவு குறித்து, ஓடும் விளிம்பு வேலைகளுக்குத் தகட்டில் அச்சு வெட்டி வைத்துக்கொள்க. உள்ளங்கையளவு பழைய காறைத் துண்டு ஒன்றையும் பத்திரப்படுத்துக. புதிய மணலின் நிறத்தையும் பருமனையும் அதனுடன் ஒப்பிட்டே தேர வேண்டியிருக்கும்.

அடுத்தது காகித வேலை. ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து 2008 ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மையப் பகுதி 109.38 ஹெக்டேர்; அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம், இந்த எல்லைக்குள் உள்ள கட்டடங்களை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையிலும் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று விதித்திருக்கிறது. உங்கள் வீடு எந்த எல்லையில், எந்த வகையில் அடங்குகிறது என்பதை முதலில் அறிந்து, பினாங்குத் தீவு மாநகர மன்றத்தின் அனுமதியை எழுத்தில் பெறாமல் உளியை எடுக்க வேண்டாம். தெருவையோ அஞ்சடியையோ மறித்துச் சாரம் கட்டுவதற்கும் மன்றத்தின் அனுமதி தனியே தேவை. இவ்விஷயங்களில் ஆலோசனை வேண்டுவோர், மாநில அரசு 2010-இல் நிறுவிய ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தை அணுகலாம். வேலையை ஏற்பவர் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதோடு நில்லாமல், சுண்ணாம்பு வேலை செய்து ஐந்து ஆண்டு கழிந்த சுவர் ஒன்றை அவர் காட்டும்படி கேளுங்கள். புதுச்சுவர் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

விலைப்பட்டியலை ஒரே தொகையாக வாங்காமல், கூரை, மரம், தரை, மின்சாரம், பூச்சு என்று தனித்தனியாக எழுதி வாங்குக. பூச்சைக் கொத்தும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆதலால் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராச் செலவுக்கென்று தொடாமல் வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1948-க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டிருந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். அதுவரை சொற்ப வாடகை வந்த வீடுகளில் பெரிய மராமத்து செய்ய உடையவர்க்கும் மனம் இருந்ததில்லை, குடியிருந்தவர்க்கும் உரிமை இருந்ததில்லை. பல வீடுகளில் ஒரு தலைமுறைக்கால ஒட்டுவேலை பூச்சுக்குள் புதைந்திருக்கிறது.

கடைவீடு தனித்து நிற்பதன்று. இருபுறச் சுவரும் அண்டை வீட்டாருடன் பொது. ஆகையால் அவர்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசுக. தகரக் கால்வாய் இரு கூரைக்கும் பொதுவாயின், செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே சமயத்தில் மாற்றுவது இருவருக்கும் லாபம். கீழே கடை நடத்துபவருக்கு எந்த வாரம் கதவை மூட நேரும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தைப்பூசத்தையும் மறவாதீர்கள். வறண்ட பருவமாகிய ஜனவரி, பிப்ரவரியில்தான் அது வருகிறது. பினாங்குத் தெருவின் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்கு வெள்ளிரதம் புறப்படும் நாளில், ரதம் வரும் வழியில் சாரத்தின் கழி நீட்டிக்கொண்டிருக்க இடமில்லை. சாலையில் குவித்த மணலுக்கும் இடமில்லை. சீனப் புத்தாண்டும் ஏறக்குறைய அக்காலத்திலேயே வருவதால், தச்சரும் கூரை வேலைக்காரரும் சில நாட்கள் கிடைக்கமாட்டார்கள். பஞ்சாங்கத்தை எதிரில் வைத்துக்கொண்டு நாட்குறிப்பு எழுதினால் இவற்றால் இடையூறு இல்லை.

டிசம்பர் பிற்பகுதியில் சாரம் கட்டியதும் முதல் வேலை கூரையில்தான். உடைந்த ஓடுகளுக்குப் பதிலாக அதே வடிவான சுட்டமண் ஓடுகளைப் பொருத்துக. அழுகிய கைமரங்களையும் சட்டங்களையும் மாற்றுக. தகரக் கால்வாயைப் போதிய அகலத்துடனும் சாய்வுடனும் புதிதாக அமைக்க, அதன் வாயில் இலைதடுக்கும் வலை வைக்க. இறங்கு குழாயைச் சுவருக்குள் புதைப்பது கூடவே கூடாது. புதைத்த குழாயில் ஏற்படும் ஒழுக்கு பத்தாண்டு வரை வெளியே தெரியாது, தெரியும்போது சுவர் சோறாகியிருக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பையும், கூரை சுவரைச் சந்திக்கும் மூலைகளையும் ஈயத் தகடு கொண்டு மூடுக. பின்கட்டில் பிற்காலத்தில் போட்ட பழைய கல்நார்த் தகடு இருக்குமானால் அதைச் சாதாரணக் கூலியாள் உடைக்க விடலாகாது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அதற்கெனப் பயின்றவரைக் கொண்டே, நனைத்து, முழுத்தகடாகக் கழற்ற வேண்டும்.

சாரம் நிற்கும்போதே சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் கவனிக்க வேண்டும். பறவை இட்ட விதையிலிருந்து கைப்பிடிச் சுவரில் எழும் அந்தச் செடிகளை வெறுமனே பிடுங்கினால் தண்டுதான் வரும். வேர் செங்கல்லுக்குள் தங்கி அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் வேர்க்கொல்லி தடவி, வேர் பட்டுப்போன பிறகு, இற்றுப்போன சில வரிசைக் கற்களைப் பிரித்து வேரை எடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்தில் மறுபடி கட்டுவதே முறை. சுவரில் வெடிப்பு இருந்தால் அது வளர்கிறதா, பழையதாக நின்றுவிட்டதா என்று, மழைக்காலத்தில் அதன் குறுக்கே ஒட்டி வைக்கும் கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறதா என்பதைக் கொண்டு அறியலாம். வளரும் வெடிப்புக்குக் கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டும், பூச்சால் மூடக்கூடாது.

மரவேலைக்கும் இதுவே தருணம். மேல்மாடித் தரையைத் தாங்கும் உத்தரங்களின் நுனிகள் முகப்புச் சுவருக்குள் செருகியிருக்கும். ஒழுக்கில் நனைந்த நுனிதான் முதலில் இற்றுப்போகிறது, கறையானும் அங்கேதான் புகுகிறது. காறையைக் கொத்திய இடத்தில் கூரிய கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த நுனியை வெட்டி, மலாய்க்காரர் செங்ஙால் என்னும் கடினமரத்தாலோ அதற்கு நிகரான வேறு மரத்தாலோ ஒட்டுப்போட வேண்டும். ஜன்னல் கதவுகளை இலக்கமிட்டுக் கழற்றித் தச்சுப் பட்டறைக்கு அனுப்பிவிடுக. சுவர் பூசும்போது அவை அங்கே இருந்தால், சுண்ணாம்பு பட்டு மரமும் கெடும், விளிம்பும் சரியாக வாராது.

இப்போது சிமெண்டுப் பூச்சையும் கழன்ற காறையையும் அகற்றுக. இயந்திர உளி வேண்டாம்; கையுளியும் சுத்தியலும் போதும், செங்கல்லின் தோல் தப்பும். அதனோடு தரையையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் அஞ்சடியிலும் பிற்காலத்தில் சிமெண்டு கொட்டி வழுவழுப்பான ஓடு பதித்திருந்தால், தரைவழியே வெளியேறிய நிலத்தின் ஈரம் வழியின்றிச் சுவரைத் தேடி ஏறும். முழுத் தரையையும் மாற்றப் பணமில்லையெனில், சுவரோரம் ஒரு முழ அகலத்துக்காவது அதை எடுத்துவிட்டுச் சரளையும் சுட்டமண் ஓடும் சுண்ணாம்பில் பதிக்கலாம். தெருவுக்குத் தார் போட்டுப் போட்டு மட்டம் உயர்ந்து, அஞ்சடி தாழ்ந்துபோன இடங்களில் முன்கால்வாயைத் தூர்வாரி, நீர் தேங்காதபடி சாய்வைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிலைக்காது.

இனிமேல்தான் பொறுமை தேவை. ஊறிய செங்கற்சுவர் உலர, உத்தேசமாக அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இருபுறமும் திறந்திருந்தாலும் நாலைந்து மாதம் கேட்கும். அவ்வளவு நாள் சாரத்துக்கு வாடகை கொடுக்க யாரால் முடியும் என்று கேட்பீர்கள். நம் கடைவீட்டின் அமைப்பே இதற்கு வழி வைத்திருக்கிறது. நிலத்திலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மார்பளவுக்குமேல் போவதில்லை. அந்தக் கீழ்ச்சுவரோ அஞ்சடிக்குள் தள்ளி, மேல்மாடியின் நிழலில், மழை படாமல் நிற்கிறது. தெருவை நோக்கி வெயிலும் காற்றும் படும் மேல்முகப்பு, கூரை ஒழுக்கு நின்றபின் வறண்ட பருவத்தில் விரைவாக உலரும். ஆகவே சாரம் நிற்கும்போதே மேல்முகப்பைப் பூசி முடித்து, மார்ச்சில் சாரத்தைப் பிரித்துவிடுக. கீழ்ச்சுவரைச் செங்கல் தெரியும்படியே விட்டு, பூத்துவரும் உப்பை உலர்ந்த தூரிகையால் வாரந்தோறும் துலக்கி எடுத்துக்கொண்டிருந்து, ஜூலையில் ஒரு முக்காலிப் பலகையின்மேல் நின்று பூசிக்கொள்ளலாம். கடை முகப்பு நாலு மாதம் செங்கல்லாக நிற்பதைப் பார்த்து நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும்.

பூசுமுன் மின்கம்பி, தண்ணீர்க்குழாய் வேலைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தெருவிலிருந்து வரும் மின்கம்பி சாரத்துக்கு அருகே இருந்தால், சாரம் கட்டுமுன்பே மின்நிறுவனத்துக்கு எழுதி அதற்கு உறை போடவோ விலக்கவோ செய்க. சுவரில் பள்ளம் வெட்டிப் பெட்டி பதிக்கும் மின்பணியாளர், தம் பழக்கத்தின்படி சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுவார். அவருக்கும் சுண்ணாம்புச் சாந்தையே கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்க. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிக்கு இடம் பின்கட்டே. அதன் நீர் சொட்டும் குழாயைக் கால்வாய் வரை கொண்டுபோய் விடுக. பெயர்ப்பலகைக்கும் விளக்குக்கும் வேண்டிய கொக்கிகளை, துருப்பிடியாத எஃகில், இப்போதே செங்கற்களின் நடுவிலுள்ள சாந்து இணைப்பில் பதித்துவிட்டால் பிறகு புதுப்பூச்சைத் துளைக்க நேராது.

சுண்ணாம்பை இவையெல்லாம் நடக்கும்போதே தயாரித்து வைத்திருக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் நீர் மூடியிருக்கும்படி மூன்று மாதமாவது ஊறவிட்டால் அது வெண்ணெய்போல் குழையும். செப்டம்பரில் ஊறப்போட்டது பிப்ரவரிக்குப் பக்குவமாகியிருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய கைவேலையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மழை தாக்கும் முகப்புக்கு அந்த மெருகு வேண்டாம். ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணலும் போதும். உப்பேறிய கடல்மணல் கூடாது. செங்கல்லை முன்னிரவே நனைத்து, விரற்கடைக்கும் குறைவான கனத்தில் முதற்கை. அது இறுகியபின் இரண்டாங்கை. பின்பு சலித்த மணலில் மெல்லிய மேற்கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே எத்தனை நாள் என்று நான் கேட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து கோயில் திருப்பணிக்கு வந்து தங்கியிருந்த முதிய கொத்தனார் ஒருவர், என் கட்டைவிரலைப் பிடித்துப் பூச்சில் அழுத்தினார். “நகம் இறங்குதுங்களா ஐயா? அப்ப இன்னும் நாள் ஆகணும். நாளை எண்ணாதீங்க, நகத்தைப் பாருங்க” என்றார். அவர் சாரத்தின் முகப்பில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்து, நேர்வெயில் பூச்சின்மேல் விழாமல் காத்தார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கித்தான் கல்லாகிறது, அவசரமாகக் காய்ந்தால் தூளாகிவிடுகிறது. ஒவ்வொரு கைக்கும் நடுவே அங்கே பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

மேற்பூச்சு இறுகியபின் சுண்ணாம்புக் குழம்பை நீராகக் கரைத்து, மெல்லியதாக ஐந்து முறை அடிக்க வேண்டும்; ஒன்று உலர்ந்தபின்தான் அடுத்தது. பிளாஸ்டிக் சாயத்தை ஒருமுறை அடித்தாலும் இதுவரை பட்ட பாடு வீண். நிறம் வேண்டுவோர் காவி, மஞ்சட்காவி போன்ற மண்வண்ணங்களைக் கலக்கலாம். லீத் தெருவில் சீன வணிகர் சியோங் ஃபாட் ட்ஸேயின் மாளிகை நீலமாக நிற்பது சுண்ணாம்பில் கலந்த அவுரி நீலத்தால்; முறைப்படி புதுப்பிக்கப்பட்ட அம்மாளிகை 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதில் முதலிடம் பெற்றது. அதன் முன்னே ஒருநாள் மழை விட்டபின் நின்று பாருங்கள். நனைந்த இடம் கருநீலமாகி, உலர உலர மேலிருந்து வெளுத்து வரும். சுவர் ஈரத்தை விடுவதைக் கண்ணால் காண அதைவிட நல்ல இடம் இவ்வூரில் எனக்குத் தெரியாது.

ஜூலையில் கீழ்ச்சுவரில் உப்புப் பூப்பது நின்று, பென்சில் கோடும் இறங்கியிருந்தால் அதையும் இதே முறையில் பூசிவிடலாம். நிற்கவில்லையெனில் அடுத்த ஜனவரி வரை விட்டுவைக்க வேண்டியதுதான். பூச்சில் மிஞ்சிய சுண்ணாம்பை எறிந்துவிடாமல், மூடியுள்ள வாளியில் நீர் மேலே நிற்கும்படி ஊற்றி, நீற்றிய தேதியை மூடியில் எழுதி, பழைய காறைத் துண்டையும் மீதி மணலையும் அதன் பக்கத்திலேயே பின்கட்டில் வைக்கவும். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஜன்னல் மூலைகளில் மயிரிழை வெடிப்பு இரண்டொன்று தோன்றும். அவற்றுக்கு அந்த வாளியும் ஒரு சிறு கரண்டியும் போதும்.